பெரியவள் நேற்றும் பதினான்கு பக்கம் படித்தாள்

பெரியவள் இறந்த மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, அவள் 212ஆம் பக்கத்துக்கு வந்துவிட்டதாகத் தங்கைக்குத் தகவல் வந்தது.

தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதாகியும் சின்னவள்தான். பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. ஊரார் வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள் அலமாரி நிறைய வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து மெழுகில் பல் நடுவது அவள் தொழில். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கீழ்த்தாடையின் மேல் மின்புத்தக ரீடரைச் சாய்த்துவைத்துப் படிப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் வைத்தாள். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"உங்கள் இன்னொரு கருவியில் 212ஆம் பக்கம் வரை படிக்கப்பட்டுள்ளது. அங்கே போகலாமா? ஆம் / இல்லை."

இன்னொரு கருவி பெரியவளுடையது. பெரியவளை வழியனுப்பிவிட்டு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சின்னவள் கையிலிருந்த சாப்பாட்டுக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். அலமாரியில் இருந்த இருநூறு வாய்களும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருந்தன. அவள் "இல்லை"யை அமுக்கினாள். மறுநாள் 226 என்று வந்தது. அதற்கு மறுநாள் 240.

இந்த இரட்டை ரீடர் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். ரீடரும் அதற்குப் புத்தகமும் விற்பது கடை. கடை என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஒரு கடைதான்; மற்ற கடைகளுக்குத்தான் பெயர் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கடை ஒரு சலுகை விட்டது. ஒரே கணக்கில் இரண்டு ரீடர், இரண்டாவது பாதி விலை. அக்காவும் தங்கையும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு வீட்டிலிருந்து படித்தார்கள். ஒருத்தி போடும் கோடு மற்றவள் திரையிலும் தெரியும். யார் போட்டது என்று மட்டும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. பெரியவள் சிரிக்கிற இடத்தில் கோடு போடுவாள், சின்னவள் பெருமூச்சு விடுகிற இடத்தில்.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அம்மா போனாள். ஏழு மாதம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, படுக்கவைத்துப் பார்த்தவள் பெரியவள். கடைசி நாளில் வந்து சேர்ந்த சின்னவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், எல்லார் முன்னாலும், "நீ பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?" என்று கேட்டுவிட்டாள். பெரியவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஆறு வருஷமும் சொல்லவில்லை.

பேச்சு அறுந்ததே தவிர, கணக்கு அறுபடவில்லை. கணக்கைப் பிரிக்க இருவரும் நேரில் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்று கடையில் விதி. பக்கத்தில் நிற்க முடிந்திருந்தால் பிரிக்கவே வேண்டியிருந்திருக்காதே! ஆகவே படித்தார்கள். எந்தக் கதையில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டாலும் சின்னவள் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டாள். துப்பறியும் கதையில் கொலைகாரன் இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்டதற்குக்கூடப் போட்டாள். அக்கா பார்ப்பாள், பதிலுக்கு எங்கேயாவது ஒரு கோடு போடுவாள் என்று ஆறு வருஷம் காத்திருந்தாள். பக்க எண் நகர்ந்தது. கோடு வரவில்லை.

இப்போது ஆள் போன பிறகும் எண் நகர்ந்தது. ஒருநாள் துணிந்து "ஆம்" அமுக்கினாள். 254ஆம் பக்கம் திறந்தது. வெறும் பக்கம். யாரோ இப்போதுதான் எழுந்துபோன அறைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. அக்கா வீட்டுக்காரரான அத்தானைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று நினைத்தாள். இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் நின்று சொல்லாமல் கிளம்பி வந்தவள், எந்த முகத்தோடு கூப்பிடுவது? தவிர, அத்தான் நீரேற்று நிலையத்தில் பம்ப் பார்க்கிறவர். செய்தித்தாளில் இரண்டு வரி தாண்டினால் கண் சொக்கிவிடும். அவர் படிப்பதாவது!

282இல் சின்னவளுடைய ரீடரின் பேட்டரி உப்பிக்கொண்டு திரை கறுத்துப்போனது. அப்பாடா என்று ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், அக்காவை இரண்டாவது முறை பறிகொடுத்ததுபோல் இருந்தது.

ரிப்பேர்க்காரர் கடை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவர் பிளாஸ்டர் தூசி ஒட்டியிருந்த ரீடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரிய ஒட்டி வச்சிருக்காங்கம்மா. எடுத்தா ஸ்க்ரீனும் சேந்து வந்துடும். கடையில கேட்டா புதுசு வாங்கிக்கோம்பாங்க."

"எனக்கு அவங்ககிட்ட வேண்டாங்க. வேற வச்சிருக்கீங்களா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. மேஜையில் மூன்று ரீடர்களை எடுத்துப் பரப்பினார். "முதல்ல சொல்லுங்க. படிக்கிறதுக்கு மட்டுந்தானே? பாட்டு, படமெல்லாம் வேண்டாமே?"

"வேண்டாம்."

"அப்ப இந்தப் பெருசு வேண்டாம், கை வலிக்கும். இது லைப்ரரி புத்தகம் நல்லா எடுக்கும், ஆனா எல்லாத்துக்கும் திரையைத் தொடணும். நீங்க பிளாஸ்டர் கையோட படிக்கிற ஆளு. இத எடுத்துக்குங்க. ஓரத்துல பட்டன் இருக்கு, முட்டியால அமுக்கினாலும் பக்கம் திரும்பும். எந்தக் கடையில வாங்கின புத்தகமும் ஏறும், லைப்ரரியும் வரும். ஒயர்ல சொருகி நாமளே ஏத்திக்கலாம். பேட்டரி மாத்த நாலு ஸ்க்ரூ. நாளைக்கு இந்தக் கம்பெனியே இல்லாமப் போனாலும் உங்க புத்தகம் உங்ககிட்ட இருக்கும்."

"பழசுல இருக்கிற கோடெல்லாம் இதுல வருமா?"

ரிப்பேர்க்காரர் தலையைச் சொறிந்தார். "கடையில வாங்கின புத்தகம் பூட்டுப் போட்டது. கோடும் அவங்ககிட்டதான் இருக்கு. விலகிப்போறவங்களுக்குக் கோட்டுப் பட்டியல்னு ஒண்ணு குடுப்பாங்கன்னு கேள்வி. வாங்கினவங்கள நான் பாத்ததில்ல."

சின்னவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். சண்டைக்கு முந்திய எட்டு வருஷத்தில் அக்கா சிரித்த இடங்கள். அக்காவின் புகைப்படம்கூட அவளிடம் நல்லதாக ஒன்று இல்லை. பட்டன் ரீடரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டாள்.

கடையின் தலைமை அலுவலகத்தில் "பிரியாவிடைப் பிரிவுக்கு இப்படி" என்று அம்புக்குறி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் புதுவரவு விற்பனைக் கூடம் வந்தது. அங்கே இன்னொரு அம்புக்குறி. அது இன்னொரு விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. நாலாவது தடவை, அம்புக்குறி காட்டாத திசையில் நடந்தாள். பிரிவு அங்கே இருந்தது. நீண்ட அறை, நாற்பது நாற்காலி, காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் அவளுக்குக் கிடைத்த டோக்கன் 91. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை ஒவ்வொன்றாக எண் கூப்பிடப்பட்டது. ஒவ்வோர் எண்ணுக்கும் அதிகாரி எழுந்து காலி நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

படிவத்தில் பிரிய விரும்பும் காரணம் கேட்டிருந்தது. தவறுதலாக, பிறர் தூண்டுதலால், தூக்கக் கலக்கத்தில் என்று மூன்று கட்டம். வேறு எழுத இடமில்லை. சின்னவள் தூக்கக் கலக்கத்தில் டிக் போட்டாள்.

"உக்காருங்க மேடம்," என்றார் பிரியாவிடை அதிகாரி. உருகிவிடுகிற மாதிரி குரல். "இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஒம்பது வருஷம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட எங்கள விட்டுப் போனதில்ல. அதுக்காகப் போன வருஷம் எனக்கு விருதே குடுத்தாங்க. வாடிக்கையாளருக்கு எங்க மேல அவ்வளவு பிரியம்."

"போகணும்னு எத்தன பேர் கேட்டாங்க?"

"அந்தப் புள்ளிவிவரம் வேற பிரிவு மேடம். அத மூடிட்டோம்."

கோடுகள் வேண்டும் என்று சின்னவள் சொன்னாள். அதிகாரி வருத்தமாகச் சிரித்தார். "கோடு போட்டது நீங்க, ஒத்துக்கறேன். ஆனா எங்க புத்தகத்துல போட்டீங்க. வாடகை வீட்டுச் செவுத்துல ஆணி அடிக்கிறீங்க. காலி பண்றப்ப செவுத்தப் பேத்துக்கிட்டா போவீங்க?"

"ஆணியப் பிடுங்கிட்டுப் போவேன்."

அதிகாரி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஆணிக்கு உண்மையிலேயே விதி இருந்தது. கணக்கில் உள்ளவர்கள் அனைவரும் கையெழுத்திட்டுப் பிரிந்தால் கோட்டுப் பட்டியல் தரப்படும்.

"இன்னொருத்தர் எங்க அக்கா. அவங்க இறந்துட்டாங்க."

அதிகாரி உடனே எழுந்து நின்று மேஜைக்கு அடியில் எதையோ அமுக்கினார். கூரையிலிருந்து மெல்லிய இரங்கல் இசை வந்தது. நின்றபடியே திரையைப் பார்த்தவர் முகம் மாறியது. இசையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நேத்துகூடப் பதினாலு பக்கம் படிச்சிருக்காங்களே மேடம்."

இறந்தவர் படிக்கிறாரா, படிப்பவர் இறந்திருக்கிறாரா என்பதெல்லாம் மேல்மாடியில் இருப்பு ஆய்வாளர் பார்க்கிற விஷயமாம். ஆய்வாளர் ஒரு பெண்மணி. நடந்தாலும் பேசினாலும் சத்தமே வராது. ஜன்னலில்லாத அந்தச் சாம்பல் நிற அறையில் ஒரு சுவர் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புள்ளி, பக்கம் திருப்பும்போது மினுங்கும். ஆய்வாளர் ஒரு குச்சியால் சுட்டினார்.

"இதுதான் உங்க அக்கா."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி ஒருமுறை மினுங்கி அடங்கியது.

"இப்பத்தான் ஒரு பக்கம் திருப்பினாங்க," என்றார் ஆய்வாளர், பிரியமாக.

சின்னவள் தன்னையறியாமல் சுவரருகே போய்விட்டாள். அக்கா என்று வாய் தானாகச் சொல்லிற்று. புள்ளி இன்னொரு தரம் மினுங்கியது. பயந்தாளா, சந்தோஷப்பட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

ஆய்வாளர் அதை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "இது ஏதோ ஒரு நாளப் பத்திச் சொல்லுது. எங்க பதிவு தினம் தினம் சொல்லுது. எத நம்பறது? இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உயிரோட இருந்தப்ப உங்க அக்கா அவ்வளவு ஒழுங்கில்ல. உடம்பு சரியில்ல, மனசு சரியில்லன்னு எத்தனையோ நாள் படிக்காம விட்டிருக்காங்க. நீங்க சொல்ற அந்தத் தேதிக்கப்புறம் ஒரு நாள் தவறல. எங்க பார்வையில அவங்க வாசகியா மலர்ந்ததே இறந்ததுக்கப்புறந்தான்."

"அவங்க இல்லைங்க. வேற என்னமோ நடக்குது."

"சந்தேகம் எதுக்கு? அவங்களையே கேட்டுடுவோம்." ஆய்வாளர் தட்டச்சு செய்தார். பெரியவளின் ரீடருக்குக் கேள்வி போயிற்று: "நீங்கள் இறந்துவிட்டீர்களா? ஆம் / பிறகு நினைவூட்டவும்."

"இல்லைன்னு ஒரு கட்டம் வேண்டாமா?"

"எங்ககிட்ட இல்லைன்னு சொல்ற பழக்கத்த நாங்க வாடிக்கையாளருக்கு உண்டாக்கறதில்ல மேடம்."

ஒரு நிமிஷம் ஆயிற்று. பதில் வந்தது: "பிறகு நினைவூட்டவும்."

சின்னவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பணியாளர் அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். விவகாரம் முற்றிப்போனதால் இருப்பு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். இரண்டு உறுப்பினருக்கும் அழைப்பு அனுப்பப்படும் என்றார்கள். ஏழு வாரம் சின்னவள் பட்டறையில் கடைவாய்ப் பல்லை முன்னால் நட்டாள், முன்பல்லைப் பின்னால் நட்டாள். முதலாளி அவற்றைத் தானே பிடுங்கி மாற்றி நட்டார். அக்காவைப் பறிகொடுத்தவள் என்று விட்டுவிட்டார்.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் விசாரணைத் தலைவர், இருபுறமும் பிரியாவிடை அதிகாரியும் இருப்பு ஆய்வாளரும், ஓரத்தில் குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் "உறுப்பினர் 2" என்ற அட்டை. சின்னவள் அதில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் "உறுப்பினர் 1". அதன் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர், மூடி போட்டு வைத்திருந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் காலி நாற்காலியிடம்கூட அவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. உறுப்பினர் 1 வந்துவிட்டதாகக் கதவுப் பக்கமிருந்து ஒரு இயந்திரக்குரல் அறிவித்தது. சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சின்னவளா? நீயும் வந்திருக்கியாம்மா?"

அத்தான். நீல நிறப் பம்ப்ஹவுஸ் சட்டை, கையில் துண்டில் சுற்றின பெரியவளின் ரீடர். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அவளுக்கு வரச்சொல்லி வந்திருந்தது," என்றார் மேஜையைப் பார்த்து. "அவ வர முடியாதுங்களே. அதான் இத எடுத்துட்டு வந்தேன்."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரருங்க."

"கணக்கு எண்?"

"எனக்குக் கணக்கெல்லாம் கிடையாதுங்க."

"அப்ப இந்த விசாரணையப் பொறுத்தவரைக்கும் நீங்க வரல," என்றார் தலைவர். கருவியை நாற்காலியில் வைக்கச் சொன்னார். குமாஸ்தா எழுதினார்: உறுப்பினர் 1 கருவி வடிவில் ஆஜர். உடன் எவரும் இல்லை.

வராத அத்தான் சின்னவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அத்தான், பக்கத்தத் திருப்பினது நீங்களா?"

"ஆமா. பின்ன யாரு?"

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்கெங்கம்மா படிக்க வருது? தள்ளினேன். கடைசில அவளால கையத் தூக்க முடியல. 'பக்கத்த மட்டும் தள்ளி விடுங்க, நின்னு போச்சுன்னா சின்னவ பயந்துடுவா'ன்னா. காலைல ஏழு பக்கம், சாயங்காலம் ஏழு பக்கம்னு தள்ளி விட்டேன். அப்புறம் அவ போயிட்டா." அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நிறுத்துங்கன்னு அவ சொல்லலையேம்மா. பம்ப்ஹவுஸ்ல முப்பத்தோரு வருஷம். மாத்த ஆள் வராம நான் ஒரு நாளும் எடத்த விட்டுக் கிளம்பினதில்ல."

"செத்துட்டீங்களான்னு கேட்டதுக்குப் பிறகு நினைவூட்டவும்னு போட்டது?"

"அப்படியா கேட்டாங்க? அன்னிக்குக் கண்ணாடி போடல. கீழ இருந்தத அமுக்கினேன்."

சின்னவள் அழுதாள். ஆறு வருஷமாக அக்கா தன்னை வெறுத்துக்கொண்டு, அதே வெறுப்போடு போய்ச் சேர்ந்தாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சின்னவ பயந்துடுவா என்று, கையைத் தூக்க முடியாத நிலையில், சொல்லியிருக்கிறாள். ஆறு வருஷமும் அந்தப் பக்கம் ஒருத்தி இருந்திருக்கிறாள். அழுகையை அவள் அடக்கப் பார்க்கவில்லை. அழுகை எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று குமாஸ்தா தலைவரிடம் மெதுவாகக் கேட்டார். எந்தப் பிரிவிலும் வராது என்று தலைவர் கையசைத்தார்.

பிறகு எழுந்து தீர்ப்புச் சொன்னார். "எங்கள் நிறுவனம் மனிதாபிமானமுள்ள நிறுவனம். இந்தக் கணக்கில் ஒருவர் காலமாகியிருக்கிறார் என்பதை நாங்கள் மறுக்கவே இல்லை. யார் என்பதுதான் கேள்வி. உறுப்பினர் 1 தினமும் பதினான்கு பக்கம் வாசிக்கிறார். உறுப்பினர் 2 ஐம்பத்து மூன்று நாளாக ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. நாற்பது நாளைத் தாண்டிய மௌனம் மரணம் என்பது விதி. ஆகவே காலமானவர் உறுப்பினர் 2."

"ஐயா, என் ரீடர் பேட்டரி போயிடுச்சு. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்!"

"உக்காந்திருக்கறத நாங்க பதிவு பண்றதில்ல மேடம். படிக்கறத மட்டுந்தான் பண்றோம்."

எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். எல்லாரும் எழுந்ததால் சின்னவளும் எழுந்தாள். கூரையிலிருந்து அந்த இசை வந்தது. தலையைக் குனிந்து நின்றவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் துக்கம் வந்தது. அந்த நிமிஷம் தான் உண்மையில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்து, மேஜை விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல வாசகி," என்றார் இருப்பு ஆய்வாளர், கண்ணைத் துடைத்தபடி, அவளிடமே. "நிறையக் கோடு போடுவாங்க."

பிரியாவிடை அதிகாரிதான் ஒரேயடியாக நிம்மதியாக இருந்தார். இறந்துபோனால் பிரிந்துபோனதாகக் கணக்கில்லை. அவருடைய ஒன்பது வருஷச் சாதனைக்குப் பங்கம் வரவில்லை.

இறந்தவரின் உரிமையெல்லாம் கணக்கில் உயிரோடிருக்கும் உறுப்பினருக்குப் போகும் என்பதும் விதி. நாற்காலியில் கிடந்த ரீடரில் டிங் என்று சத்தம் கேட்டது. "உங்கள் தங்கையின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். கணக்கின் முழுக் கோட்டுப் பட்டியல் உங்களுக்கு வழங்கப்படுகிறது. பெற்றுக்கொள்ள: ஆம்."

அத்தான் இந்தத் தடவை சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு அமுக்கினார்.

வெளியே போகிற கதவு சின்னவளுக்குத் திறக்கவில்லை. கணக்கிலுள்ளவர்களுக்குத்தான் திறக்குமாம். அத்தானுக்கும் திறக்கவில்லை. கதவுக் கண்ணாடியில் இருவர் நிழலும் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் அத்தான் பெரியவளின் ரீடரைத் தூக்கிக் காட்டினார். மீண்டும் வருக என்று சொல்லிக் கதவு விலகியது. பெரியவள் முன்னால் போக, இருவரும் அவள் பின்னால் வெளியே வந்தார்கள்.

நேரே ரிப்பேர்க்காரர் கடைக்குப் போனார்கள். பட்டியலை வாங்கிவிட்டோம் என்றதும் அவர் நம்பவில்லை. "எப்படிக் குடுத்தாங்க?" என்றார். "செத்துப்போனேன், குடுத்தாங்க," என்றாள் சின்னவள். ரிப்பேர்க்காரர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பெரியவளின் ரீடருக்கும் பட்டன் ரீடருக்கும் ஒயரைச் சொருகினார். பட்டியல் ஏறியது. புத்தகப் பெயர், தேதி, கோடு போட்ட வரி என்று வரிசையாக வந்தது. முதல் எட்டு வருஷம் அவள் கேட்டதுபோலவே இருந்தது. அக்கா சிரித்த இடங்களில் சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. அத்தானிடம் இரண்டு மூன்றைப் படித்துக் காட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்து அவரும் சிரித்தார்.

"அடடா," என்றார் ரிப்பேர்க்காரர். "இதுக்குமேல எல்லாம் ரெட்டை ரெட்டையா வருதே. ஏத்தறப்ப என்னமோ கோளாறு ஆயிடுச்சு." பட்டனை அமுக்கிக் கீழே கீழே போனார். பிறகு மெதுவாக, "இல்ல. கோளாறு இல்லம்மா. வரி ஒண்ணுதான், தேதி வேற வேற," என்றார்.

சின்னவள் ரீடரை வாங்கிப் பார்த்தாள். அம்மா இறந்த மாதத்துக்கு அடுத்த மாதம். அவள் கோடு போட்ட வரி. இரண்டு நாள் கழித்து, அதே வரி, அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடிகிற இன்னொரு கோடு. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

"கோட்டு மேலயே கோடு போட்டிருக்காங்க," என்றார் ரிப்பேர்க்காரர். "ஸ்க்ரீன்ல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா ஒரே கோடாத்தான் தெரியும். பட்டியல்லதான் தனித்தனியாத் தெரியும்."

ஆறு வருஷம். சின்னவள் போட்ட கோட்டில் பெரியவள் தொடாதது ஒன்றுகூட இல்லை. மடச்சி, மடச்சி என்று சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவைத் திட்டினாளா, தன்னையா என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் ஒரே வரி பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. மேலே ஒரு தேதி சின்னவளுடையது. அதற்குக் கீழே பதினொரு தேதி. கடைசித் தேதி, அத்தான் பக்கம் தள்ள ஆரம்பித்ததற்கு முந்தின நாள். வரி என்ன என்று படிக்கப் போனாள், எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று.

"நீங்க படிங்க அத்தான். எனக்குக் கண்ணு தெரியல."

அத்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரல் வைத்து, பெரியவளின் முதல் தேதியைப் படித்தார். பிறகு வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார்: "உன்னோடு பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. முதல் வார்த்தை என்ன என்று தெரியவில்லை, அவ்வளவுதான்."

அடுத்த தேதியைப் படித்தார். மறுபடி அதே வரியை முதலிலிருந்து தொடங்கினார்.

"அதேதாங்க எல்லாம்," என்றார் ரிப்பேர்க்காரர். "கீழ போயிடலாம்."

"இருக்கறதப் படிக்கறேன்," என்றார் அத்தான்.

தேதி, வரி, தேதி, வரி. நாலாவது தடவையில் கொஞ்சம் வேகம் வந்தது. எட்டாவது தடவை திக்கவில்லை. பதினொன்றாவதுக்கு அவருக்குத் திரை தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்னவளைப் பார்த்தே சொன்னார்.